யாருக்குக் காலி?

செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. சாலையில் வடக்கே போனால் சோழவரம். பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் ஏரிதான் ஞாபகம் வரும். சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரிகள் எவை என்ற கேள்விக்குப் பூண்டி, புழலோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பெயர் அது. அதே சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது என்று எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. எங்கள் வீட்டுக் கிழவர்கள் அதை 'ஏரோட்ராம்' என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்டது. போர் முடிந்ததும் அதன் வேலையும் முடிந்தது. நிலம் மட்டும் ராணுவத்தின் பெயரிலேயே நின்றது.

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக் காலனிகளிலிருந்து வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து படிக்கிறவர்கள் நாங்கள். அமெரிக்கப் பாலைவனத்தில் கைவிடப்பட்ட விமானதளங்களையும் ஆளில்லாத 'பேய் நகரங்களையும்' சுற்றிக்காட்டும் காணொளிகள் எங்களுக்குள் கொஞ்ச நாள் சுற்றிக்கொண்டிருந்தன. வெடித்த சிமெண்ட் தரை, துருப்பிடித்த கொட்டகை, பின்னணியில் சோகமான இசை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காணொளிகளில் ஒரு கேள்வி வருவதேயில்லை: இந்த இடம் காலியாக இருந்தது என்று முதலில் சொன்னது யார்? எங்கள் ஊர்ப் பக்கத்து நிலங்களை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தோம்.

முதலில் சோழவரம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5-ல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டன. அடுத்தது மதராஸ் என்று பீதி. அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசே அறிவித்தது. பட்டணம் பாதி காலியானது. மிருகக்காட்சிசாலையின் கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம் புலிகளைச் சுட்டுக்கொன்றார்கள். கடைசியில் 1943 அக்டோபரில் ஓர் இரவு ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி.

அந்தப் பீதிக் காலத்தில்தான் பிரிட்டிஷ் இந்தியா முழுக்க 200-க்கும் மேற்பட்ட விமானதளங்களைப் போட்டார்கள். நம் பக்கம் சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, உச்சிப்புளி, சூலூர். இவற்றில் சூலூர் விமானப்படையிடம் இருக்கிறது. அரக்கோணம் 1992-ல் கடற்படையின் ராஜாளி தளமானது. உச்சிப்புளியும் கடற்படைக்குப் போனது. மற்றவை வெயிலில் காய்ந்து விரிசல் விட்டுக் கிடந்தன. உளுந்தூர்பேட்டைக்கு விமானம் வரப்போகிறது என்று மட்டும் அவ்வப்போது செய்தி வரும்.

நிலம் எப்படிக் கிடைத்தது? அதற்குச் சட்டம் இருந்தது. இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 75-ஏ என்று ஒரு விதி. போர்த் தேவை என்று அரசு கருதினால் எந்தச் சொத்தையும் எடுத்துக்கொள்ளலாம். சொத்து உள்ளவருக்கு இழப்பீடு உண்டு. அந்தச் சொத்தில் உழைத்தவருக்கு? அங்கே ஆடு மேய்த்தவருக்கு, சுள்ளி பொறுக்கியவருக்கு? 'சொத்து' என்ற சொல்லுக்குள் அவர்கள் வருவதேயில்லை. ஓடுதளத்துக்குக் கல் சுமக்கும்போது மட்டும் வந்தார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பாருங்கள். இந்தியாவின் போர்க்கால ஓடுதளங்களை இயந்திரங்கள் மட்டும் போடவில்லை. கூடைகூடையாகக் கல்லையும் மண்ணையும் தலையில் சுமந்து போட்டவர்கள் பெண்கள். அவர்கள் எந்தத் தெருப் பெண்கள் என்று படத்தின் அடியில் எழுதியிருக்காது. எழுதவும் வேண்டாம், நமக்குத் தெரியும்.

போருக்குப் பிறகு சோழவரத்துக்கு ஒரு மறுபிறவி கிடைத்தது. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஐம்பதுகளில் அங்கே கார், பைக் பந்தயம் நடத்த ஆரம்பித்தது. எண்பதுகள் வரை இந்தியாவில் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம்தான். மகாராஜா வீட்டுப் பிள்ளைகள், ஆலை முதலாளிகள் எல்லாம் ஓட்டினார்கள். விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் கார் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டியதும் இங்கேதான். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்குச் சொந்தத் தடம் திறந்த பிறகு சோழவரத்தில் சத்தம் அடங்கியது. அந்தப் பந்தயங்களைப் பற்றி ஆங்கிலத்தில் உருகி உருகி எழுதிய நினைவுக் கட்டுரைகள் நிறைய உண்டு. எந்த வளைவில் எந்தக் கார் கவிழ்ந்தது என்பதுவரை அவற்றில் இருக்கும். ஓடுதளத்துக்கு முன் அந்த மண் யாருடையது என்று ஒரு வரி இருக்காது.

எங்களில் ஒருவரின் பெரியப்பா எழுபதுகளில் அங்கே கூலிக்குப் போனவர். தடத்தின் ஓரத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கும் வேலை. வண்டி தடம் மாறினால் அதில் மோதி நிற்கும். "சத்தம் காதுல கேக்காது தம்பி, வயித்துக்குள்ள கேக்கும்" என்றார். பந்தயம் முடிந்ததும் உடைந்த வைக்கோல் கட்டை வீட்டு மாட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டால் சிலர் கொடுப்பார்கள், சிலர் விரட்டுவார்கள்.

"அந்த எடம் யாருது பெரியப்பா?"

"மிலிட்டரிது."

"அதுக்கு முன்னாடி?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதுக்கு முன்னாடி யாரைக் கேட்டா சொல்லுவாங்க, சொல்லு?"

அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்கு விடை தேட 1942-க்கும் முன்னால் போக வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் 1997-ல்தான் பிறந்தது. அதற்கு முன் இது செங்கல்பட்டு மாவட்டம். அந்தச் செங்கல்பட்டில் நிலத்தைக் கட்டியாண்டது மிராசு முறை. மிராசுதாரர் விளைநிலத்தை மட்டும் வைத்திருக்கவில்லை, ஊரின் தரிசுமேலும் முன்னுரிமை வைத்திருந்தார். தரிசை உழுகிறேன், எனக்குக் கொடுங்கள் என்று அரசிடம் மனுப் போடுவதற்குத் தர்க்காஸ்து என்று பெயர். சேரியிலிருந்து ஒருவர் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாரர் குறுக்கே வந்து, எனக்கு முன்னுரிமை உண்டு என்பார். அவர் அந்தத் தரிசை உழவும் மாட்டார். எதற்கு மறித்தார்? சேரிக்காரனுக்கு ஓர் ஏக்கர் சொந்தமாகக் கிடைத்துவிட்டால் மறுநாள் விடியலில் அவருடைய வயலுக்கு ஏர் பூட்ட யார் வருவார்கள்? தரிசு தரிசாகவே கிடக்க வேண்டும் என்பதில்தான் ஆண்டைத்தனமே இருந்தது. குடியிருக்கும் குடிசை மனைகூட மிராசுதாரருடையது என்ற நிலை. எதிர்த்துப் பேசினால் மனையும் போகும்.

இதையெல்லாம் 1891-ல் எழுதி வைத்தவர் அப்போது செங்கல்பட்டில் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர். பறையர்களின் நிலை பற்றி அவர் அனுப்பிய அறிக்கையின் அடிப்படையில்தான் 1892-ல் அரசாணை வந்தது, பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலத்தை முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது; அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம்; மீறினால் விற்பனை செல்லாது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டதாக நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியதற்காகத்தான் 1994 அக்டோபர் 10-ல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள்.

ஆக, நாம் கேட்டால் தரிசு காலியாக இல்லை. போருக்கு வேண்டும் என்றால் காலி. பந்தயத்துக்கு வேண்டும் என்றால் காலி. தொழிற்பேட்டைக்கு வேண்டும் என்றாலும் காலி.

அந்த மூன்றாவதற்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் எல்லோருக்கும் தெரியும். நம்மில் பாதிப் பேருக்கு அங்கே ஒப்பந்தக் கூலியாக ஒரு மாமனோ அண்ணனோ இருப்பார். அதே வட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டித் தேர்வாய் கண்டிகை என்று ஓர் ஊர். மிகப் பெரும்பான்மையாகத் தலித் மக்கள் வாழும் ஊர். ஊரைச் சுற்றி 1000 ஏக்கருக்கும் மேல் மேய்க்கால் நிலம். வருவாய்த்துறைக் கணக்கில் அது புறம்போக்கு. ஊர்க் கணக்கில் அது வேறு. ஆடு மாடு அங்கேதான் மேய்ந்தது. விறகு அங்கேதான். மூலிகை, காட்டுப் பழம், ஏரிக்கு வரும் ஓடை எல்லாம் அங்கிருந்துதான். காட்டைப் பாதுகாக்க ஊரே முறை வைத்துப் பார்த்துக்கொண்டது.

அந்த நிலத்தைச் சிப்காட் எடுக்கப் போகிறது என்று தெரிந்ததும் ஊர் எழுந்தது. கிராமசபைத் தீர்மானம், மனு, உண்ணாவிரதம், மறியல், கைது, வழக்கு என்று ஒன்று விடாமல் செய்தார்கள். பெண்கள் முன்னால் நின்றார்கள். 2009-ல் பிரான்சின் மிஷலின் டயர் நிறுவனத்துடன் அரசு ஒப்பந்தம் போட்டது. மரம் வெட்டப்பட்டது. ஊர்ச் சங்கமும் தமிழ்நாட்டு நில உரிமை அமைப்பும் பிரெஞ்சு அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு 2012-ல் பாரிஸ்வரை புகாரைக் கொண்டுபோயின. பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. நெறிமுறைகளின் கீழ் பிரெஞ்சு அரசு வைத்திருக்கும் அமைப்பிடம் அது போனது. விசாரணை போகும் போக்கில் நம்பிக்கை இழந்து புகார் கொடுத்தவர்களே விலகிவிட்டார்கள். நிறுவனம் நெறிமுறையை மீறவில்லை என்று 2013-ல் அறிக்கை வந்தது.

இந்த வழக்கை இளம் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். தோற்றது ஏன் என்று பார்க்க வேண்டும். ஊரை யாரும் இடம்பெயர்க்கவில்லை. ஒரு வீடும் இடிக்கப்படவில்லை. ஆகவே காகிதத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்று ஒருவரும் இல்லை. எடுத்தது புறம்போக்கு, பட்டா யாருக்கும் இல்லை, ஆகவே இழப்பீடு கேட்க ஆளில்லை. ஆட்டை விற்றவர்கள் உண்டு. ஆட்டை விற்ற கணக்கை எந்த அதிகாரி எழுதுவார்? வீடும் மக்களும் இருந்த இடத்திலேயே இருக்க, ஊர் மட்டும் காலி செய்யப்படுவது இப்படித்தான். இந்த மாதிரி ஊரை எந்தக் காணொளிக்காரனும் 'பேய் நகரம்' என்று படம்பிடிக்க வர மாட்டான்.

(புறம்போக்கு என்பதை நாம் வசவுச் சொல்லாகவே கேட்டு வளர்ந்தோம். பொது நிலத்துக்கு வைத்த பெயர் எப்படி வசவானது என்று மொழியியல் படிக்கும் மாணவர் யாராவது ஆய்வு செய்தால் நன்றாக இருக்கும்.)

அதே பகுதியில் 2020 நவம்பரில் கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. இரண்டு ஏரிகளை இணைத்துக் கட்டியது. சென்னைக்குக் குடிதண்ணீர். சோழவரம் ஏரியை மனப்பாடம் செய்ததுபோல இனி வரும் பிள்ளைகள் இந்தப் பெயரையும் மனப்பாடம் செய்வார்கள். காட்டின் கதையை யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

அமெரிக்கப் பாலைவனத்துக் கதையும் இதற்கு அதிக தூரம் இல்லை. 1942-ல் அங்கே ஜப்பானிய வம்சாவளியினர் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரை எதிரியின் ஒற்றர்களாகச் சந்தேகித்து முகாம்களில் அடைத்தார்கள். அரிசோனா மாநிலத்தில் அப்படி இரண்டு முகாம்கள், போஸ்டன், கிலா ரிவர். இரண்டையும் எங்கே கட்டினார்கள் தெரியுமா? பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்தில். போஸ்டனில் பழங்குடி மன்றம் வேண்டாம் என்றது. மற்றவர்களுக்கு இழைக்கும் அநீதிக்கு எங்கள் மண் எதற்கு என்றது. கேட்கவில்லை. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட மக்களின் தலைமேல் இன்னொரு ஒதுக்கப்பட்ட கூட்டத்தை ஏற்றி வைத்தார்கள். ஒரு காலத்தில் 17,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்த அந்த முகாம் இன்று இடிபாடு. நியூ மெக்சிகோவில் ராணுவம் போர் முடியும்வரை என்று சொல்லி மாட்டுப் பண்ணைகளை எடுத்தது. போர் முடிந்தும் திருப்பித் தரவில்லை. ஏவுகணைச் சோதனைக்களம் ஆக்கிக்கொண்டது. வெள்ளைக்காரப் பண்ணைக்காரர்களுக்கே அந்தக் கதி. 1945 ஜூலை 16-ல் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்ததும் அந்தப் பாலைவனத்தில்தான், ஆளில்லாத இடம் என்று சொல்லி. காற்று வீசிய பக்கத்துக் கிராமங்களில் இருந்தவர்கள் புற்றுநோயோடு தலைமுறை தலைமுறையாக நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

'பேய் நகரம்' என்று தமிழ்நாட்டில் சுற்றுலாப் பேருந்து போகும் ஒரே இடம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ரயிலோடு அழிந்த ஊர். குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. ஆனால் மீனவக் குடும்பங்கள் இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகை போட்டு வாழ்ந்துவருகின்றன. சுற்றுலா வருகிறவர்கள் அவர்கள் கொட்டகையில் மீன் வறுவல் தின்றுகொண்டே 'ஆளில்லாத ஊரை'ப் படம்பிடிக்கிறார்கள்.

இப்போது பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கென்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட இடம். 5000 ஏக்கருக்கும் மேல். விவசாய நிலமும் நீர்நிலைகளும் அதில் அடக்கம். ஏகனாபுரம் முழுதாகப் போகும். அந்த ஊர் அன்றிலிருந்து இரவு தோறும் கூடிப் போராடியது, கிராமசபையில் எதிர்ப்புத் தீர்மானத்தைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றியது. விமானதளம் கைவிடப்பட்டுப் பாழானதை நம் தாத்தாக்கள் பார்த்தார்கள். விமானதளத்துக்காக ஊர் பாழாவதை நாம் பார்க்கிறோம்.

சட்டம் கைகொடுக்காதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 2013-ன் நிலம் எடுப்புச் சட்டத்தில் 101-வது பிரிவு இருக்கிறது. எடுத்த நிலத்தை ஐந்தாண்டு பயன்படுத்தாமல் போட்டால் பழைய உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும். அந்த 'ஓ' என்ற எழுத்திலேயே பாதி உரிமை போய்விடுகிறது. மீதிப் பாதி தமிழ்நாட்டில் போய்விட்டது. மூன்று மாநிலச் சட்டங்களுக்கு அந்த மத்தியச் சட்டத்திலிருந்து விலக்கு வாங்கினார்கள். இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் மத்தியச் சட்டப்படி. சமூகத் தாக்க மதிப்பீடு போன்றவை கிடையாது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. உடனே சட்டமன்றத்தில் புதுச் சட்டம் போட்டு உயிர்கொடுத்தார்கள், 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மூன்றில் ஒன்று 1997-ன் தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டம். பரந்தூர் அதன் கீழ்தான் போகிறது. இன்னொன்று நெடுஞ்சாலைச் சட்டம். மூன்றாவது எது என்று நினைக்கிறீர்கள்? 1978-ன் அரிசன நலத் திட்டங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டம். நமக்கு வீட்டு மனை கொடுப்பதற்கென்று இயற்றியது. நம் பெயரில் உள்ள சட்டத்தைத் தொழிற்பேட்டைச் சட்டத்தோடு ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றை எதிர்த்தால் மற்றதையும் எதிர்த்ததாகிவிடும்.

உங்கள் ஊரில் காலியாகக் கிடக்கும் நிலம் ஒன்றாவது இருக்கும். கம்பி வேலி போட்டுப் பூட்டிய மனை, மூடிய ஆலை, பாழடைந்த கொட்டகை. அதன் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். இணையத்தில் வரும் சிட்டாவோடு நிற்காதீர்கள், அது இன்றைய நிலவரம் மட்டும். எண்பதுகளில் யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். பல ஊர்களில் டி.சி. நிலம் என்ற குறிப்பு காணாமல் போனது அந்தச் சமயத்தில்தான். ஆகவே யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டையும் செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கேளுங்கள். ஜமாபந்தியில் மனுக் கொடுங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டியும் கேளுங்கள். நிலத்தின் இப்போதைய வகைப்பாடு என்ன என்று மட்டும் கேட்டால் புறம்போக்கு என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். வகைப்பாடு எப்போது, எந்த ஆணையால் மாறியது, ஆணையின் நகல் எங்கே என்று கேட்க வேண்டும்.

எங்களில் ஒருத்தி, சட்டம் படிக்கிறவள், தன் ஊர் ஏரிக்கு மேற்கே இருக்கும் வேலி போட்ட நிலத்துக்கு அப்படிக் கேட்டாள். பழைய பதிவேடு சிதிலமடைந்துவிட்டதால் நகல் வழங்க இயலாது என்று பதில் வந்தது. சிதிலமடைந்த பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும் என்று இப்போது மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய ஆயாவுக்கு எண்பது வயதுக்கு மேல். அந்த நிலத்தில் எந்த மேட்டில் தங்கள் கேழ்வரகுக் களம் இருந்தது என்று காட்ட, வேலிக்கு வெளியே நின்று கைநீட்டிச் சொல்லும் அளவுக்குப் பார்வை இருக்கிறது. அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, தேதி போட்டு, மனுவோடு இணைத்திருக்கிறோம்.